ராஜா, காசோலை, கட்டம் போட்ட லுங்கி

ஆங்கிலத்தில் பெரிய சொற்கள் என்னைப் பயமுறுத்தியதில்லை. 'நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்' என்றால் மாற்றுமுறை ஆவணம். 'என்டார்ஸ்மென்ட்' என்றால் மேலெழுத்து. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்தில் அவற்றை நெட்டுருப் போட்டேன். போட்ட இடத்திலேயே அவை இருந்தன. என்னைத் தூங்கவிடாமல் செய்தவை சின்னச் சொற்கள்தான். செட், ரன், டேக், செக். அகராதியில் ஒவ்வொன்றுக்கும் கீழே எண் போட்டுப் பொருள்கள் இறங்கிக்கொண்டே போகும். முதல் பொருளுக்கும் ஏழாவது பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்டால் "மனப்பாடம் பண்ணு" என்பார்கள். மனப்பாடம் பண்ணினேன். மறுநாள் அதே சொல் வேறு வாக்கியத்தில் எட்டாவது பொருளோடு வந்து நிற்கும்.

இதை இத்தனை வயதுக்குப் பிறகு வெளிப்படையாக எழுதக் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் வராது என்ற பயத்தைப் பலர் பேசுகிறார்கள். தெரிந்த சொல்லே திடீரென்று தெரியாத முகத்தைக் காட்டிவிடும் என்ற பயத்தைப் பேசுகிறவர்கள் குறைவு. என் பயம் அந்த இரண்டாவது வகை. அதனால் நான் கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. பதவி உயர்வுத் தேர்வை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டேன். கூட வேலை பார்த்தவர்களிடம் "எனக்கு ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை" என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணத்தை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சொந்த ஊர் குடியாத்தம். அப்பா குழித்தறியில் லுங்கி நெய்தார். அம்மா தார் சுற்றினார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, தேர்வெழுதி, சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராகச் சேர்ந்தேன். என்னைக் கிளியரிங் பிரிவில் உட்கார வைத்தார்கள்.

கிளியரிங் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாமல் போகலாம். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஊரெல்லாம் எழுதிக் கொடுத்த காசோலைகள், அவற்றை வாங்கியவர்கள் கணக்கு வைத்திருக்கும் வேறு வேறு வங்கிகளில் போடப்பட்டு, கிளியரிங் ஹவுஸ் வழியாக ஒவ்வொரு நாளும் கட்டுக் கட்டாக எங்களிடம் திரும்பி வரும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தேதி சரியா? அந்தக் காலத்தில் ஆறு மாதம் தாண்டினால் செல்லாது. 2012 ஏப்ரலில் இருந்து மூன்று மாதம். எண்ணில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதியதும் ஒன்றா? எங்காவது அடித்துத் திருத்தியிருந்தால் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா? மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தால், கீழ்ச்சுழியும் மேல்கோடும் ஒத்துப்போகின்றனவா? கடைசியாக லெட்ஜரில் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு துண்டுச் சீட்டில் காரணத்தைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டால் எத்தனை வீடுகளில் அன்றைக்குச் சோறு இறங்காமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் அதை ஒட்டுவேன்.

அந்தப் பிரிவில் நாள் முழுக்கக் கேட்கும் வாக்கியம் ஒன்று: "செக்கை செக் பண்ணிட்டியா?" யாருக்கும் அதில் விசேஷமாக எதுவும் தோன்றியதில்லை. எனக்கும்தான். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதம் மேசைக்கு வந்தது. அதில் காசோலை என்ற பொருளில் சி எச் ஈ சி கே என்று எழுதியிருந்தார். எங்கள் படிவங்களிலோ சி எச் ஈ க்யூ யூ ஈ. பக்கத்து இருக்கைக்காரர், படித்த பையனே தப்பாக எழுதுகிறானே என்றார். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்த ஓர் அதிகாரி அதைக் கேட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார். "தப்பு இல்ல தம்பி. அதுதான் பழைய எழுத்து. நம்ம படிவத்துல இருக்கிறதுதான் பின்னாடி வந்தது. இங்கிலாந்து நிதியமைச்சருக்கு என்ன பேரு? சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர். அந்த எக்ஸ்செக்கருக்குள்ள உன் செக் உட்கார்ந்திருக்கு. போய்த் தேடிப் பாரு" என்றார்.

அந்த வாரக் கடைசியில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், சொற்பிறப்போடு கூடிய ஒரு பெரிய ஆங்கில அகராதியைக் கேட்டு வாங்கினேன். தேடிய சொல்லின் கீழே நான் எதிர்பார்த்த இங்கிலாந்து இல்லை. பாரசீகம் இருந்தது. ஷா இருந்தார்.

ஷா என்றால் பாரசீக மொழியில் அரசன். நம் நாட்டில் பிறந்த சதுரங்கம், யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையால் பெயர் பெற்ற ஆட்டம், சுமார் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. அரபியில் 'ச்ச' ஒலி கிடையாது. அதனால் அரபியர் வாயில் அது 'ஷத்ரஞ்ச்'. எதிராளியின் அரசனைக் காய் குறிவைத்துவிட்டால், ஆடுபவர் "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பார். 'உன் அரசனைப் பார்த்துக்கொள்' என்று அதற்கு அர்த்தம். அந்தக் குரல் அரபு நாடுகள் வழியே ஐரோப்பா போய், லத்தீனில் 'ஸ்காக்கஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் 'செஸ்'. அதாவது செஸ் என்பதும் செக் என்பதும் ஒரே சொல். ஆட்டத்துக்கே அரசர்கள் என்று பெயர்.

ஆட்டத்தோடு அதன் இந்தியப் பெயரைக் கூட்டிக்கொண்டு போன மொழிகளும் உண்டு. ஸ்பானிய மொழியில் சதுரங்கத்துக்கு 'அஹெத்ரேஸ்' என்று பெயர். அரபியர் நெடுங்காலம் ஆண்ட நாடு அல்லவா, நம் சதுரங்கம்தான் அப்படித் தேய்ந்து நிற்கிறது. ஜெர்மானியரோ 'ஷாஹ்' என்கிறார்கள். ரஷ்யர்கள் 'ஷாஹ்மத்தி' என்கிறார்கள். அது 'ஷா மாத்', நாம் சொல்லும் 'செக்மேட்'. அரசன் செத்தான் என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்பதற்குச் செயலற்று நிற்பவன், போக்கிடம் இல்லாதவன் என்ற பொருள்தான் பொருந்துகிறது என்கிறார்கள் அறிந்தவர்கள். ஆடியவர்களுக்குத் தெரியும், பலகையில் அரசன் சாவதே இல்லை. அவன் நகர வழியின்றி நிற்கும்போது ஆட்டம் முடிகிறது.

அன்று அந்தப் பக்கத்தில் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எண் போட்டு நின்ற அத்தனை பொருள்களும் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து சேர்ந்துகொண்டன. அரசனுக்குச் செக் வைத்தால் ஆட்டக்காரன் நினைத்திருந்த எல்லாத் திட்டத்தையும் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். செக்கை விலக்காத எந்த நகர்த்தலும் செல்லாது. ஆக, செக் என்றால் திடீரென்று தடுத்து நிறுத்துவது. தடுப்பதிலிருந்து கட்டுக்குள் வைப்பது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் கண்டிப்பது என்ற பொருளிலும் இந்தச் சொல் வருகிறது. கட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித்தான் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சரிபார்ப்பது என்ற பொருள் வந்து சேர்ந்தது. நாம் இன்று நாளெல்லாம் சொல்லும் 'செக் பண்ணு' இந்த வரிசையில் கடைசியாகப் பிறந்தது. அகராதியோ அதைத்தான் முதலில் போட்டிருந்தது. வரிசை தலைகீழாக இருந்தால் வழி எப்படித் தெரியும்?

மலைப்பாதையில் செக்போஸ்ட், மருத்துவமனையில் செக்கப், ரயிலில் டிக்கெட் செக்கர், அமெரிக்க அரசியல் சட்டம் படிப்பவர்கள் சொல்லும் 'செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்' எல்லாம் இந்த ஒரு வழியில் வருபவை. நாடாளுமன்றம் அதிபருக்கும், நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்கும் தேவைப்படும்போது "ஷா" என்று குரல் கொடுக்கும் ஏற்பாடு அது. நம் தமிழ்ப் பத்திரிகைகள் இந்த விஷயத்தில் ஆங்கிலேயரைவிடப் பழமைக்கு நெருக்கமாக இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். "கூட்டணிக் கட்சிக்குச் செக் வைத்தார் தலைவர்" என்று தலைப்புப் போடுகிறார்களே, அதில் இருப்பது சதுரங்கப் பலகையில் ஒலித்த அந்த முதல் பொருள்.

அதிகாரி சொன்ன எக்ஸ்செக்கர் பாக்கி இருந்தது. அதைத் தேடிப்போனபோதுதான் நான் உட்கார்ந்து வேலை செய்யும் மேசைக்கே ஒரு முன்னோர் உண்டென்று தெரிந்தது.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்கக் கணக்கு எப்படித் தீர்க்கப்பட்டது என்பதை, இரண்டாம் ஹென்றி மன்னரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170-களில் கேள்வி பதிலாக ஒரு நூலாக எழுதி வைத்திருக்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. மேலே வைப்பது உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல்கடை உயரத்துக்கு ஒரு விளிம்பு. மேசைமேல் கோடுகள் இழுத்த ஒரு கறுப்புத் துணி. பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகையைப் போல இருந்ததால் அந்த மேசைக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்தது. பிறகு அதில் உட்கார்ந்தவர்களின் அலுவலகத்துக்கும், கடைசியில் நாட்டின் கருவூலத்துக்கும் அதே பெயர் நிலைத்தது.

துணியில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு. ஒன்று பென்ஸ், அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்ட், பிறகு இருபது பவுண்ட், நூறு, ஆயிரம். மாவட்டத்தின் வரியை வசூலித்துக் கொண்டுவரும் ஷெரிஃப் மேசையின் ஒரு பக்கம் உட்காருவார். அவர் கட்ட வேண்டிய தொகைக்கு ஏற்பக் காசுகளைப் பத்திகளில் அடுக்குவார்கள். அதற்குக் கீழே அவர் செலுத்தியதை அடுக்குவார்கள். மேலிருந்து கீழ்த் தொகையைக் கழிப்பார்கள். மீதி எதுவும் நிற்கவில்லையென்றால் அவர் எழுந்து போகலாம். ரோமன் எண்களில் எழுதிக் கூட்டிக் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; இந்தத் துணியில் கண்ணாலேயே கணக்கைப் பார்த்துவிடலாம். லத்தீன் ஏடு வாசிக்கத் தெரியாதவனும் தன் பாக்கி என்னவென்று பார்க்கலாம். சதுரங்கத்தில் இரண்டு பேர் மோதுவது போல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஏமாற்ற முடியாதபடி எல்லோர் கண் முன்னாலும் கணக்குத் தீர்ப்பது. எந்த நூற்றாண்டாக இருந்தால் என்ன, நல்ல கணக்குக்கு இதைவிட என்ன இலக்கணம் இருக்க முடியும்!

அதே நூலில் இன்னொரு செய்தி எனக்காகவே இருந்தது போலத் தோன்றியது. பணம் கட்டியதற்கு ரசீதாக மரக்குச்சி கொடுத்தார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணியளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. அடுத்த முறை இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். அந்தக் குச்சியின் பெயர் 'டேலி'. சாயங்காலம் கேஷியர் பெட்டியைப் பூட்டாமல் "டேலி ஆகல சார்" என்று தலையில் கை வைத்து உட்காருவாரே, அந்த டேலி. 1826 வரை இந்தக் குச்சிகள் புழக்கத்தில் இருந்தன. பழைய குச்சிகள் மலையாகக் குவிந்துபோக, 1834 அக்டோபர் 16 அன்று அவற்றைப் பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ கட்டடத்தில் பிடித்து, பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பெரும்பகுதி சாம்பலானது. இன்று தேம்ஸ் கரையில் படங்களில் பார்க்கும் நாடாளுமன்றம் அதற்குப் பிறகு கட்டியது.

காசோலைக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்பது பணப்பத்திரத்தின் அடிக்கட்டையைக் குறித்தது. கையில் கொடுத்த பத்திரத்தை யாராவது திருத்திவிட்டால், நம்மிடம் இருக்கும் அடிக்கட்டையை வைத்துக் கண்டுபிடித்துத் தடுக்கலாம். தடுப்பதும் சரிபார்ப்பதும் சேர்ந்த காகிதம். மெல்ல அடிக்கட்டையின் பெயர் பத்திரத்துக்கே போனது. அப்போதும் எழுத்து பழைய சி கே-தான். 1820-களில் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற லண்டன் வங்கியாளர், பொருள் குழம்பாமல் இருக்கட்டும், எக்ஸ்செக்கர் என்பதோடு ஒத்தும் இருக்கும் என்று க்யூ யூ ஈ எழுத்தை எடுத்துக்கொண்டு எழுதினார். பிரிட்டனிலும் அதன் ஆளுகையில் இருந்த நாடுகளிலும் அது நிலைத்தது. அமெரிக்கா பழையதை விடவில்லை. நமக்கு 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் வழியாக வந்து சேர்ந்தது பிரிட்டன் எழுத்து. ஆக, அந்த அமெரிக்கப் பையன் தப்பாக எழுதவில்லை.

"செக்கை செக் பண்ணு" என்று நாங்கள் சொன்னபோது ஒரே சொல்லைத்தான் இரண்டு முறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்த மாதிரித் தேடலில் ஒரு ஆபத்தும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்று மேடைகளில் அடிக்கடி முழங்குகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் இருக்கின்றன. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறித்த கேஷ், போர்ச்சுகீசியர் வாய்வழியாக நம் காசிலிருந்து போனதுதான். கையில் இருக்கும் ரொக்கம் என்று பொருள்படும் கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட மாட்டார்கள். கட்டுமரம் நம்முடையது, மிளகுத்தண்ணி நம்முடையது. அவற்றுக்குச் சான்று இருக்கிறது. சான்று உள்ளதைப் பெருமையாகச் சொல்வோம். இல்லாததைச் சொன்னால் உள்ளதையும் நம்ப மாட்டார்கள்.

அகராதியில் ஒரு பொருள் மட்டும் நான் தேடாமலே என்னைத் தேடி வந்தது. செக் என்றால் கட்டம் போட்ட துணி. சதுரங்கப் பலகையின் கட்டம், துணியில் நெய்தபோது அதே பெயரை வாங்கிக்கொண்டது.

உலகம் முழுவதும் 'மெட்ராஸ் செக்' என்று சொன்னால் துணிக்கடைக்காரருக்குப் புரியும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நம் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணிகள் கப்பல் கப்பலாக ஏறின. 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் அவை மேற்கு ஆப்பிரிக்கா போயின. நைஜீரியாவின் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலாபாரி மக்கள் அந்தத் துணியை 'இஞ்சிரி' என்கிறார்கள். 'ரியல் இந்தியா' என்பதன் திரிபு அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. பிறப்புச் சடங்கிலும் இறப்புச் சடங்கிலும் அந்தத் துணிக்கு இடம் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் நாம் நெய்தனுப்பிய கட்டத்திலிருந்து சில இழைகளை மட்டும் நுணுக்கமாக அறுத்து உருவி, அதே துணியில் தங்களுக்கென்று வேறொரு வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள். 1958-இல் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் செக் சட்டைகள் துவைத்ததும் சாயம் போயின; அந்தக் குறையையே விளம்பரத்தில் சிறப்பாகச் சொல்லி விற்றார்கள் என்ற கதையும் ஜவுளி வியாபாரத்தில் பிரபலம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பா தறியில் இருந்தார். கட்டம் நெய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்கு அதன் சிரமம் தெரியாது. பாவில் நிறங்கள் முன்பே வரிசைப்படுத்திக் கோர்த்திருக்கும். ஊடையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நாடா. பச்சை இத்தனை இழை, வெள்ளை இத்தனை இழை என்று எண்ணிப் போட்டு நாடாவை மாற்ற வேண்டும். அப்பா வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பார். உதடு அசையும், சத்தம் வராது. அந்த நேரத்தில் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். எண்ணிக்கை ஒன்று தப்பினால் கட்டம் நீண்டுவிடும். அடிக்கும் கையின் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் கட்டம் சப்பையாகிவிடும். மாஸ்டர் வீவர் துணியை மடித்து, கட்டத்தின் மேல் கட்டம் உட்காருகிறதா என்று பார்த்துத்தான் கூலியைக் கணக்குப் பண்ணுவார்.

வெள்ளை இழை முடிந்து அவர் நிமிர்ந்தபோது சொன்னேன். "அப்பா, இங்கிலீஷ்ல இந்தக் கட்டத்துக்குச் செக்னு பேரு. அது பாரசீகத்து ராஜாவோட பேருலேருந்து வந்தது."

"ராஜா எங்கப்பா வந்தான் இதுல?"

ஆட்டத்தைச் சொன்னேன். பலகையைச் சொன்னேன். கணக்குப் பார்த்த மேசையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். படித்தது அவர் மூன்றாம் வகுப்பு.

"சரிதான். ராஜா பேரு ஆட்டத்துக்கு வந்து, ஆட்டத்துலேருந்து பலகைக்கு வந்து, பலகையிலேருந்து துணிக்கு வந்திருக்கு. இதுல என்னா அதிசயம்? நாம ஜாதகத்தையும் கட்டம்னுதான் சொல்றோம். 'கட்டம் சரியில்ல'ன்னா துணியையா சொல்றாங்க?" என்று சொல்லிவிட்டு நாடாவை எடுத்தார்.

என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த மொழிப் பாடம் அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கட்டம் என்ற சொல்லை யாரும் எனக்கு எண் போட்டுக் கற்பிக்கவில்லை. லுங்கியில் கட்டம். ஜோசியர் சொல்லும் ராசிக் கட்டம். பேச்சுவார்த்தை இறுதிக் கட்டத்தில் இருக்கிறது என்கிறோம். பத்திரிகையில் கட்டம் கட்டிச் செய்தி போடுகிறார்கள். கட்சியில் ஒருவரைக் 'கட்டம் கட்டிவிட்டார்கள்' என்கிறோம். ஒரு தமிழ்க் குழந்தை இத்தனையையும் குழப்பமில்லாமல் தெரிந்துகொண்டு வளர்கிறது. எனக்கு ஆங்கிலத்தில் தெரியாமல் போனது எதுவோ, அது தமிழில் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. சொல் ஒரு பொருளிலிருந்து பக்கத்துப் பொருளுக்கு நகரும். நகரும்போது காரணத்தோடு நகரும். அந்தக் காரணத்தை மறைத்துவிட்டுப் பொருள்களை மட்டும் பட்டியலிட்டதால்தான் நான் இத்தனை காலம் மிரண்டேன்.

இதனால் என் ஆங்கிலம் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்வது இலக்கணத்தைத் தராது, உச்சரிப்பைத் தராது. அதற்கு வாசிக்க வேண்டும், பேச வேண்டும், திருத்திக்கொள்ள வேண்டும். நான் பெற்றது வேறு. தெரியாத பொருளோடு ஒரு சொல் எதிரே வந்தால் ஒதுங்குவதை விட்டுவிட்டு, இது எங்கிருந்து இந்தப் பொருளுக்கு வந்திருக்கும் என்று நின்று கேட்கும் தைரியம். பாதி நேரம் வாக்கியமே பதில் சொல்லிவிடும். அந்தத் தைரியத்தில்தான் பதவி உயர்வுத் தேர்வை எழுதினேன். அதிகாரியாகி, ஒரு கிளையின் மேலாளராகி ஓய்வு பெற்றேன். கூட்டங்களில் எழுந்து பேசினேன். சொல் கிடைக்காத இடத்தில் தமிழில் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஊரில் வங்கித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வகுப்பெடுக்கிறேன். பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். தறி வீட்டுப் பிள்ளைகளும் தீப்பெட்டிக் கம்பெனி வீட்டுப் பிள்ளைகளும். அவர்களில் பலர் காசோலையைக் கையால் தொட்டதில்லை. போனிலேயே பணம் அனுப்பி வளர்ந்தவர்கள். ஆனால் செஸ் எல்லோருக்கும் தெரியும். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததும், சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்ததும், 2024-இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் அவர்களுக்குச் சொந்தச் செய்திகள். அதனால் நான் பலகையிலிருந்து தொடங்குகிறேன். அரசனுக்குச் செக் வைக்கச் சொல்கிறேன். செக்கைக் கவனிக்காமல் இப்போது வேறு காயை நகர்த்த முடியுமா என்று கேட்கிறேன். முடியாது சார் என்கிறார்கள். அங்கிருந்து தடுப்பது, கட்டுப்படுத்துவது, சரிபார்ப்பது, அடிக்கட்டை, காசோலை, துணி என்று அவர்களே ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அகராதியின் அத்தனை பொருளும் கரும்பலகைக்கு வந்துவிடுகின்றன. யாரும் மனப்பாடம் பண்ணவில்லை.

போன வருஷம் ஒரு பெண் பிள்ளை எழுந்து கேட்டாள். "சார், எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரு கதை இருக்குமா?" இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பலவற்றுக்கு இருக்கிறது, சிலவற்றுக்கு வழி அழிந்துபோய்விட்டது, சிலவற்றில் கேஷைப் போல இரண்டு சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும். தேடித்தான் பார்க்க வேண்டும் என்றேன். தேட என்ன புத்தகம் சார் என்றாள். எங்கள் ஊர் நூலகத்தில் சொற்பிறப்பு சொல்லும் ஆங்கில அகராதி ஒன்றுகூட இல்லை. என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன்.

ஆகவே ஆங்கில ஆசிரியர்களிடமும், பள்ளித் தலைமை ஆசிரியர்களிடமும், நூலகத்துக்குப் புத்தகம் தேர்வு செய்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும், கிளை நூலகம் ஒவ்வொன்றிலும், சொற்பிறப்போடு கூடிய நல்ல ஆங்கில அகராதி ஒன்றையும் தமிழ் அகராதி ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வாங்கி வையுங்கள். பூட்டிய அலமாரியில் வேண்டாம்; பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள் என்று ஒரு குழந்தை கேட்டால், தயவுசெய்து "மனப்பாடம் பண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.